நடையும் ஒரு ஷுக்ரு

வல்ல நாயன் மனிதனுக்கு வழங்கியிருக்கும் நிஃமத்துகளை எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது என்பதைத் திருமறை ஓதுகின்ற எவரும் அறிவர். அறிந்திருந்தும் நாம் எண்ணுபவை எவை? வீடு, வியாபாரம், பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் என ஒரு சிலவற்றோடு நின்றுவிடுகின்றோம். வைகறையில் பாங்கொலி கேட்டு எழுந்து, கட்டிலிலிருந்து ஒளுச் செய்யும் இடம் வரை பத்தடி நடந்தோமே, அந்தப் பத்தடியைக் கணக்கில் சேர்ப்பார் இல்லை. தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாகத் தாமே கழிவறைக்கு நடந்து சென்ற நாளை அவர் ஒரு பெருநாளைப் போல் நினைவில் வைத்திருப்பார்.

பாதத்தின் அமைப்பைச் சற்றே சிந்திப்போம். வளர்ந்த மனிதனின் உடலில் உள்ள எலும்புகள் 206. இவற்றுள் ஒரு பாதத்துக்கு 26 வீதம் இரு பாதங்களிலும் 52 எலும்புகள் அமைந்துள்ளன. முழு உடலின் எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, தரையைத் தொடும் இந்தச் சிறிய இடத்தில் பொதிந்து கிடக்கின்றது. ஓர் அடி எடுத்து வைக்கும்போது உடல் முன்னோக்கிச் சாய்கின்றது. விழுவதற்கு முன் மறுகால் சென்று தாங்கிக்கொள்கின்றது. ஆக, நடை என்பது ஒவ்வோர் அடியிலும் விழப்போவதும் ஒவ்வோர் அடியிலும் தாங்கப்படுவதுமே ஆகும். இதற்குக் கண் துணை நிற்கின்றது; உட்செவியில் அமைந்துள்ள சமநிலை உறுப்பு துணை நிற்கின்றது. கடைத்தெருவில் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே நாம் செல்லும்போது, இவை அத்தனையும் நம்மிடம் உத்தரவு கேளாமலேயே நடந்தேறுகின்றன.

இதனை மனத்தில் கொண்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள ஒரு ஹதீதை நோக்குதல் வேண்டும். ஆதமுடைய மக்கள் ஒவ்வொருவரும் 360 மூட்டுகளுடன் படைக்கப்பட்டுள்ளனர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தக்பீர், தஹ்மீது, தஸ்பீஹு ஆகியவற்றைக் கூறுவதாலும், மக்கள் நடக்கும் பாதையிலிருந்து கல்லையோ முள்ளையோ எலும்பையோ அகற்றுவதாலும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதாலும் அந்த எண்ணிக்கையை நிறைவு செய்பவர், அன்றைய தினம் நரகைத் தம்மிடமிருந்து விலக்கியவராக நடக்கின்றார் என்பது அதன் கருத்து. நாவால் செய்யும் திக்ரும், குனிந்து ஒரு முள்ளை எடுத்தெறியும் கைவேலையும் இங்கு ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளதைக் கவனியுங்கள். தஸ்பீஹு மணியை உருட்டிக்கொண்டே கண்ணாடிச் சில்லைத் தாண்டிச் செல்பவர் பாதிக் கணக்கைத்தான் செலுத்தியிருக்கின்றார்.

இன்று நம் ஊர்களில் சுபுஹுத் தொழுகைக்குப் பின் நடப்போர் தொகை பெருகியிருக்கின்றது. இது மகிழ்ச்சிக்குரியதே. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளோர் 10 கோடியைத் தாண்டிவிட்டனர் என்று 2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய அளவிலான மருத்துவ ஆய்வு தெரிவித்தது. நம் இல்லங்களின் விருந்து முறையை அறிந்தவர்களுக்கு அச்செய்தி வியப்பளித்திராது. மருத்துவர் சொன்னதற்காக நடப்பதில் குறையொன்றும் இல்லை. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஆயினும் அந்த நடையின் கோலத்தைப் பாருங்கள். ஒருவர் காதுகளில் கருவியைச் செருகிக்கொண்டு யாரோ ஒருவருடைய அரசியல் வசைமாரியைக் கேட்டுக்கொண்டு செல்கின்றார். மற்றொருவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவியை நூறடிக்கு ஒரு முறை பார்க்கின்றார்; 10,000 அடிகள் நிறைய வேண்டுமாம். அந்த எண் 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ நூலிலிருந்து வந்ததன்று. அடிகளை எண்ணுகின்றவர், அந்த அடிகளைத் தந்தவனை ஒரு முறையேனும் எண்ணினாரா என்பதே என் கேள்வி.

நடக்கும்போது மனத்தை ஓரிடத்தில் நிறுத்தி, அடியெடுத்து வைப்பதையும் மூச்சு விடுவதையும் உணர்ந்து நடக்கும் பயிற்சிகள் இப்போது பல இடங்களில் கற்பிக்கப்படுகின்றன. "இவை பிற மதத்தாரின் வழக்கமாயிற்றே, நமக்கு ஆகுமா?" என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். பௌத்தத் துறவிகளிடம் அத்தகைய நடை உண்டு என்பது உண்மையே. ஆனால் நம்மவர் இதற்காக அயல்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய தேவையும் இல்லை. அந்த வீட்டைப் பழிக்க வேண்டிய தேவையும் இல்லை. படைத்தவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்ற உணர்வோடு இருத்தலை முராக்கபா என்றும், படைப்புகளை நோக்கிச் சிந்தித்தலை தஃபக்குர் என்றும் நம் முன்னோர் வழங்கினர். நக்ஷபந்திய்யா தரீக்காவின் பெரியார்கள் வகுத்த நெறிகளுள் ஒன்று, 'நழர் பர் கதம்' என்னும் பாரசீகத் தொடரால் குறிக்கப்படுவது. பார்வை காலடியில் இருக்கட்டும் என்பது அதன் பொருள். 'ஹூஷ் தர் தம்' என்பது அதற்குத் துணையான மற்றொரு நெறி. ஒரு மூச்சும் மறதியில் கழியலாகாது என்பதாம்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகின்றேன். நடைக்கென்று புதிதாக ஒரு வணக்கத்தையும், அதற்கு இத்தனை அடிக்கு இத்தனை திக்ரு என்று ஒரு கணக்கையும் யாரும் உண்டாக்கிவிட வேண்டா. மார்க்கம் ஏற்கனவே தந்திருப்பதே நமக்குப் போதும்.

அது தந்திருப்பது என்ன? ரஹ்மானுடைய அடியார்களின் முதல் அடையாளமாகத் திருமறையின் ஃபுர்கான் அத்தியாயம் குறிப்பது அவர்களுடைய தொழுகையையன்று. பூமியில் அவர்கள் பணிவோடு நடப்பதைத்தான். இரவெல்லாம் நின்று வணங்குவது அதற்கு அடுத்தே வருகின்றது. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்திலும், செருக்கோடு நடவாதே, நடையில் நடுநிலை கொள் என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. பணிவு என்றவுடன் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நோயாளியைப் போல் ஊர்ந்து செல்வதென்று பொருள் கொண்டோரும் உண்டு. அவ்வாறு நடந்த ஓர் இளைஞரை உமர் (ரலி) அவர்கள் கண்டித்து, நிமிர்ந்து வலிமையுடன் நடக்கச் செய்ததாகத் தப்ஸீர் நூல்களில் காண்கின்றோம். அண்ணலாரின் நடையோ, மேட்டிலிருந்து இறங்குபவரின் நடையைப் போல் விரைவும் உறுதியும் கொண்டதாக இருந்தது. அவர்களைப் பற்றிய வருணனைகளில் என் உள்ளத்தை மிகவும் கவர்வது மற்றொன்று: யாரையேனும் நோக்கித் திரும்பினால், கழுத்தை மட்டும் திருப்பாமல் முழு உடலோடும் திரும்புவார்கள். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஸலாமுக்குப் பதில் முணுமுணுக்கும் நமக்கு, அந்த ஒரு ஸுன்னத்தே ஓராண்டுப் பாடமாகும்.

பள்ளிவாசலுக்கு நடப்பதில் இன்னும் சிறப்புகள் உண்டு. இகாமத்துச் சொல்லக் கேட்டாலும் ஓடி வரலாகாது, அமைதியும் கண்ணியமும் பேணி நடந்து வருக, கிடைத்ததைத் தொழுது தவறியதை நிறைவு செய்க என்பது நபிகளாரின் கட்டளை. தொழுகைக்குக் கூட ஓடாதே என்று கற்பித்த மார்க்கம் இது! பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுன் நபவீக்கு அருகில் குடிபெயர விரும்பியபோது, உங்கள் வீடுகளிலேயே இருங்கள், உங்கள் காலடிச் சுவடுகள் எழுதப்படுகின்றன என்ற கருத்தில் அவர்கள் தடுக்கப்பட்டனர். பள்ளிக்கு மிகத் தொலைவில் குடியிருந்த ஒருவரிடம், இருட்டிலும் வெயிலிலும் ஏறி வர ஒரு கழுதை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கப்பட்டது. பள்ளியை நோக்கி நடப்பதும், இல்லத்தை நோக்கித் திரும்பி நடப்பதும் தமக்காக எழுதப்பட வேண்டுமென்பதே தம் விருப்பம் என்று அவர் கூறிவிட்டார். திரும்பும் நடையையும் சேர்த்துக்கொண்டாரே, அவரன்றோ கணக்கறிந்த வணிகர்! இருநூறு கஜம் தொலைவிலுள்ள பள்ளிக்கு மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு வந்து, வாசலை அடைத்து நிறுத்திவிட்டு உள்ளே செல்கின்றவர்களிடம் இந்த ஹதீதைச் சொல்லத்தான் வேண்டும். இருளில் பள்ளிக்கு நடக்கையில் உள்ளத்திலும் பார்வையிலும் செவியிலும், வலத்திலும் இடத்திலும், மேலும் கீழும், முன்னும் பின்னும் ஒளி வேண்டி நபிகளார் (ஸல்) கேட்ட துஆ ஒன்றுண்டு. தெரு விளக்கில்லாத ஒரு மதீனத்து இரவை எண்ணிக்கொண்டு அதனை ஓதிப் பாருங்கள்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஹாஜிகள் நடக்கும் ஸஃயு, ஒரு தாயின் நடையை நினைவுகூர்வதே. ஏழு முறையும் சேர்ந்து 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தாகத்தால் துடிக்கும் குழந்தைக்காக அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஓடிய அந்த மண்ணில், குளிரூட்டிய மண்டபத்தில் நடந்துகொண்டே ஊரிலுள்ளவர்களுக்குக் கைப்பேசியில் படம் காட்டிச் செல்வோரைக் காணும்போது நெஞ்சு கசிகின்றது. அத்தனை செலவு செய்து அங்கு போய்ச் சேர்ந்தன கால்கள். உள்ளம் வந்து சேரவில்லை.

நன்றி என்பது அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் விளக்கியுள்ளார்கள். நிஃமத்து யாரிடமிருந்து வந்தது என அறிதல், அதனால் உள்ளம் மகிழ்தல், அந்த நிஃமத்தைத் தந்தவன் விரும்பும் வழியில் அதனைச் செலவிடுதல் என்பன அம்மூன்று. பிறருடைய குறையைக் கண்டால் அதனை மறைப்பது கண்ணின் நன்றி என்கின்றார்கள் இமாமவர்கள். அவ்வழியில், கால் செல்லும் இடமே காலின் நன்றி என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். இரவுத் தொழுகையில் நின்று நின்று நபிகளாரின் பாதங்கள் வீங்கின. முன்பின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட தாங்கள் ஏன் இவ்வளவு வருந்த வேண்டும் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, நன்றியுள்ள அடியானாக நான் இருக்க வேண்டாமா என்ற கருத்தில் பதில் வந்தது. நன்றி அங்கே பாதத்தில் தெரிந்தது.

ஆகவே நாளை விடியலில் நடக்கச் செல்வோருக்கு நான் சொல்லக்கூடியது மிகச் சிறிது. முதல் கால் மணி நேரம் எதையும் கேளாதீர்கள், எவரோடும் பேசாதீர்கள். தென்படுவதைப் பார்த்து, அந்தந்தப் பொருளுக்கென்று தனித்தனியே அல்ஹம்து லில்லாஹ் சொல்லுங்கள். வேப்பங்கொழுந்துக்கு ஒன்று, பால்காரரின் சைக்கிள் மணிக்கு ஒன்று, வலிக்காத முழங்காலுக்கு ஒன்று. வலிக்கின்ற முழங்காலாயின், இன்னும் அது மடங்குவதற்கு ஒன்று. மேடேறுகையில் தக்பீரும் இறங்குகையில் தஸ்பீஹும் சொல்வது பயணங்களில் ஸஹாபாக்களின் வழக்கம் என ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஊர்ப் பாலத்தில் ஏறி இறங்கும்போது அதனைப் பின்பற்ற என்ன தடை?

இவ்வளவும் சொல்லும்போது ஒரு கேள்வி எழாமலில்லை. இந்த நடை ஆண்களுக்கு மட்டுமா? சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் நம் வீட்டுப் பெண்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவர்கள் நடப்பது அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையில்தான். காயல்பட்டினம் போன்ற ஊர்களில், பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்று வருவதற்கு முடுக்குகள் விட்டே நம் முன்னோர் மனை வகுத்தனர். அவர்கள் பெண்களின் நடமாட்டத்தை எண்ணிப் பார்த்துத் திட்டமிட்டவர்கள். நாமோ புதிய குடியிருப்புகளில் வாகனம் நிறுத்த இடம் ஒதுக்கினோம்; நம் அன்னையர் காலாற நடக்க ஓரடி ஒதுக்கவில்லை. நபிகளார் (ஸல்) தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்தார்கள். ஒரு முறை அன்னையார் முந்தினார்கள், பின்னொரு முறை நபிகளார் முந்தி, அதற்கு இது ஈடு என்று மகிழ்ந்தார்கள். இதனை மிம்பரில் நாம் எத்தனை முறை சொல்லியிருக்கின்றோம்? சொல்லிவிட்டு இறங்கி வந்து, "பெண்பிள்ளைக்கு வெளியில் என்ன நடை?" என்று கேட்பது எவ்வகையில் பொருந்தும்? கண்ணியமான ஆடையுடன், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அவர்கள் நடக்கட்டும். பாதையோரம் உட்காருவோர் பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் பாதைக்குச் செலுத்த வேண்டிய உரிமைகள் என்பது ஹதீது. பாலத்துச் சுவரில் அமர்ந்திருக்கும் ஆண்களிடம்தான் அந்தக் கடன் நிலுவையில் உள்ளது; நடக்கின்ற பெண்களிடமன்று.

நடக்க இயலாதவர்களையும் மறந்துவிடலாகாது. எங்கள் மஹல்லாவில் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்த பெரியவர் ஒருவர் இரண்டாண்டுகள் ஜும்ஆவுக்கு வரவில்லை. பள்ளியின் முகப்பில் ஐந்து படிகள். சக்கர நாற்காலி ஏற வழியில்லை. தம்மைத் தூக்கிச் செல்லப் பிறரைக் கேட்க அவருக்கு மனமில்லை. சென்ற ரமளானுக்கு முன் படிகளின் ஓரத்தில் ஒரு சாய்தளம் கட்டினர். காலையில் நடக்கச் செல்லும் இளைஞர்களே மணலும் கல்லும் சுமந்தனர். கொத்தனார் கூலி வாங்க மறுத்துவிட்டார். பெரியவர் இப்போது முதல் பாங்குக்கே வந்துவிடுகின்றார். ஒளுச் செய்யுமிடத்தில் அவர் அமர்வதற்கு உயரமான இருக்கை ஒன்று இன்னும் அமைக்கப்பட வேண்டியுள்ளது. அது வரும் மாதக் கூட்டத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது. பிற மஹல்லாக்களின் நிர்வாகிகளும் இந்த ஜும்ஆவுக்குப் பின் தங்கள் பள்ளியின் படிகளை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.