கோடைக்கு அழுத கவிதை அன்று

எமிலி டிக்கின்சன் கோடையின் நழுவலைப் பாடிய கவிதை பருவம் போனதற்கான புலம்பல் மட்டுமே என்றும், அதில் வரும் துயரம் வெறும் அலங்காரம் என்றும் சொல்லும் வாதம், உவமையின் திசையையே தலைகீழாகப் படிக்கிறது. கோடை போனதால் துயரம் வந்தது என்று கவிதை சொல்லவில்லை. துயரம் தெரியாமல் விலகுவதுபோலக் கோடையும் விலகியது என்கிறது. விளக்கப்படும் பொருளாகிய உவமேயம் கோடை, விளக்க உதவும் உவமானம் துயரம். தொல்காப்பியம் வகுத்த நால்வகையில் இது செயலின் ஒப்புமை பற்றிய வினை உவமம். தெரிந்ததைக் கொண்டே தெரியாததை விளக்க முடியும் என்பதால், துயரம் ஆறிப்போவதை முன்பே அறிந்த மனம்தான் இங்குப் பேசுகிறது.

அந்த ஆறுதலுக்குள் ஓர் உறுத்தலும் உண்டு. கோடை சென்ற விதம் துரோகமாகக்கூடத் தோன்றவில்லை என்ற குறிப்பில், துரோகம் என்ற எண்ணம் எதற்கு எழ வேண்டும் என்று அவ்வாதம் கேட்பதே இல்லை. புறப்பட்டாக வேண்டிய விருந்தாளி மரியாதை குறையாமல் விடைபெறுவதையும், அந்த நயமே நெஞ்சை வாட்டுவதையும் அது வானிலைக் குறிப்பாகவே கடந்துவிடுகிறது.

1891ஆம் ஆண்டுத் தொகுப்பில் ‘இயற்கை’ என்ற பிரிவில் இக்கவிதை இருப்பதைச் சான்றாகக் காட்டுவது அதைவிடப் பலவீனமானது. டிக்கின்சன் 1886இல் இறந்தபின் அப்பிரிவுகளை வகுத்தவர்கள் மேபல் லூமிஸ் டாட், ஹிக்கின்சன் ஆகிய பதிப்பாசிரியர்கள். கவிஞர் தம் கையால் தைத்துவைத்த ஏடுகளில் அத்தகைய பொருள்வாரித் தலைப்புகள் இல்லை.