விலைச்சீட்டு உண்டு, விஷச்சீட்டு இல்லை

செடி விற்கும் நர்சரிகளில் பூச்சிமருந்துப் புட்டிகளையும் ஓர் ஓரமாக அடுக்கியிருப்பார்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, நச்சின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கில் ஒரு நிறக்குறி அந்தப் புட்டியில் இருந்தாக வேண்டும். இரண்டடி தள்ளித் தொட்டியில் நிற்கும் சைகஸ் செடிக்கு விலைச்சீட்டு மட்டும்தான்.

அடுக்குமாடி வாசல்களில் பனங்கன்றுபோல விறைத்து நிற்குமே, அதுதான் சைகஸ். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. விதை கடும் நஞ்சு. ஓரிரு விதைகளே ஒரு நாயைக் கொன்றுவிடலாம். முதலில் வாந்தி எடுக்கும். சரியாகிவிட்டது என்று நாம் நினைத்திருக்கையில், இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழந்து ஈறும் கண்ணும் மஞ்சளாகும்.

நாய் வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் 'நச்சுச் செடிகள்' பட்டியலிலும் சைகஸ் இருக்கிறது. ஆனால் கற்றாழைக்கும் மணிபிளான்ட்டுக்கும் நடுவே, அவற்றுக்குச் சமமாக. மணிபிளான்ட்டைக் கடித்த நாய்க்கு வாய் எரியும், எச்சில் வடியும். பெரும்பாலும் அதோடு துப்பிவிடும். அரளி அப்படியல்ல, இதயத்துடிப்பையே குலைக்கும். காய்ந்த சருகிலும் நஞ்சு குறையாது. கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் 2024இல் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்கச் சொன்னதற்குக் காரணம் இந்த நஞ்சுதான். லேசான நஞ்சையும் கொடிய நஞ்சையும் ஒரே தட்டில் வைக்கும் பட்டியலால், பயந்தவர் தோட்டத்தையே மொட்டையடிக்கிறார்; மற்றவர் பட்டியலையே தள்ளிவிடுகிறார்.

நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அரளி செழிப்பதற்கு ஆடுமாடு அதில் வாய்வைக்காததும் ஒரு காரணம். தெருநாய்கள் அந்த நிழலில் நிம்மதியாகத் தூங்குகின்றன. ஆபத்து அதிகம் வீட்டு நாய்க்குட்டிக்குத்தான். பல் முளைக்கும் பருவத்தில் பால்கனியில் தனியாக விடப்பட்ட குட்டி, அகப்பட்டதையெல்லாம் கடிக்கும்.

மாடித்தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: உரமாக இடும் ஆமணக்குப் புண்ணாக்கு. சரியாகச் சூடேற்றி முறிக்காத புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு தங்கியிருக்கும். அதோடு எலும்புத்தூளையும் கலந்து வைத்தால், நாயின் மூக்குக்கு அது விருந்து அழைப்பு. மண்ணைத் தோண்டித் தின்னும். செடிகளுக்கு அஞ்சுகிறவர்கள் உரத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

பூச்சிமருந்தின் நான்கு நிறங்களையே செடிக்கும் கொண்டுவந்தால் என்ன? சைகஸ், அரளி, ஆமணக்குக்குச் சிவப்பு. கற்றாழைக்கும் மணிபிளான்ட்டுக்கும் அடுத்த படிகள். நம் மாநில மலரான செங்காந்தளுக்கும் சிவப்புதான். அதன் கிழங்கில் இருக்கும் கொல்ச்சிசின் மாநில மலர் என்று பார்த்து விட்டுவைக்காது. தோட்டக்கலைத் துறை தன் பண்ணைகளில் விற்கும் கன்றுகளிலேயே இதைத் தொடங்கலாம். விற்பனை படுத்துவிடும் என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். சிவப்புக்குறி போட்டதால் பூச்சிமருந்து விற்காமலா போயிற்று?

சீட்டில் செடியின் பெயரும் இருக்க வேண்டும். நாய் எதையாவது தின்றுவிட்டால் சிலர் உப்புக்கரைசலைப் புகட்டுகிறார்கள். அந்த உப்பே அதன் உயிருக்கு உலை வைக்கலாம். வாந்தி வரட்டும் என்று காத்திராமல், கடித்த கிளையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுவதே வழி. அவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன செடி?" என்பதுதான். "ஏதோ ஷோ செடி, சார்" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவர் இதயத்தைப் பார்ப்பாரா, கல்லீரலைப் பார்ப்பாரா?