வஹாக்காவில் ஓர் அம்மி

மெக்சிகோவின் வஹாக்கா நகரில் மூன்று நாள் தங்கினேன். 'நவம்பர் 20' சந்தைக்குள் இறைச்சி சுடும் புகை கண்ணைக் கரித்தது. வறுத்த வெட்டுக்கிளியையும் விடவில்லை. மொறுமொறுவென்று, எலுமிச்சைப் புளிப்போடு இருந்தது.

ஒரு கடையில் பாட்டி ஒருவர் மண்டியிட்டு, மூன்று கால் கல்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். பெயர் மெத்தாத்தே. நமக்கு அது அம்மிதான்! மிளகாய், எள், கொக்கோ எல்லாம் அரைபட்டு 'மோலே' குழம்பாகிறது. நம் குழம்புக்குக் காரம் தரும் மிளகாயின் பூர்வீகமும் மெக்சிகோதானே!

வானொலியில் ஓயாமல் பேசும் எனக்கு, அவர் மொழியில் ஒரு சொல் தெரியாது. சிரித்தேன். குழவியை நீட்டினார். நாலே இழுப்பில் கை கடுத்தது.

வீவக வீட்டுக்குக் குடிவந்தபோது, இடமில்லை என்று அம்மாவின் அம்மியை வேண்டாமென்றவன் நான். அன்றிரவே அம்மாவை அழைத்தேன்.

"அந்த அம்மிய யாருக்கும்மா குடுத்தீங்க?"

"ஏன்டா, இப்ப நீ அரைக்கப் போறியா?"