மைக்ரோசாப்ட் மீண்டும் செல்போன் செய்யலாமா?

"மீண்டும் ஒரு முறை முயன்று பார்க்கலாம்" என்கிறார்கள் சிலர். கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மைக்ரோசாப்ட், அமெரிக்காவில் உள்ள மிகப்பெரிய மென்பொருள் கம்பெனி. பில்கேட்ஸ், பால் ஆலன் என்ற இரு நண்பர்கள் 1975-ம் ஆண்டில் தொடங்கியது.

மென்பொருள் என்றால் என்ன? கம்ப்யூட்டரை மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள்தான் வண்டிக்காரன். அவன் சொன்னால்தான் வண்டி நகரும்.

மைக்ரோசாப்ட் செய்த வண்டிக்காரனுக்கு "விண்டோஸ்" என்று பெயர். உலகத்தில் உள்ள மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது அவன்தான்.

மேஜை மேல் ராஜா! ஆனால் சட்டைப் பையில் இருக்கும் செல்போனில்? அங்கே அவனுக்கு இடம் கிடையாது.

சிரித்தார்!

அந்தக் கம்பெனி தூங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். டேப்லெட் என்ற பலகைக் கம்ப்யூட்டரை 2000-ம் ஆண்டிலேயே பில்கேட்ஸ் மேடையில் காட்டினார். ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகமாக விற்பது இதுவாகத்தான் இருக்கும் என்று 2001-ல் சொன்னார்.

விற்கவில்லை. பலகை கனமாக இருந்தது. எழுதத் தனிப் பேனா வேண்டும். மேஜைக்குச் செய்த விண்டோசை அப்படியே அதில் திணித்திருந்தார்கள். அப்பாவின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டியது போல!

2007-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோனைக் கொண்டுவந்தது. அப்போது மைக்ரோசாப்டை நிர்வகித்தவர் ஸ்டீவ் பால்மர். ஒரு போனுக்கு 500 டாலரா, பித்தான்கள்கூட இல்லையே என்று டெலிவிஷனில் வாய்விட்டுச் சிரித்தார்.

ஜனங்கள் சிரிக்கவில்லை. வாங்கினார்கள். 2010-ல் ஐபேட் வந்தது. பேனா வேண்டாம், விரல் போதும். அதையும் வாங்கினார்கள்.

இன்னொரு பக்கம் கூகுள், "ஆண்ட்ராய்டு" என்ற தன் வண்டிக்காரனைப் போன் செய்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. மைக்ரோசாப்டோ கட்டணம் கேட்டது!

2010-ல் விண்டோஸ் போன் வந்தது. அழகான போன்தான். ஆனால் அதில் செயலிகள் குறைவு. செயலி இல்லாததால் ஆட்கள் வாங்கவில்லை. ஆட்கள் வாங்காததால் செயலி செய்பவர்கள் வரவில்லை. கடை இல்லாத சந்தைக்கு யார் போவார்கள்? ஆள் வராத சந்தையில் யார் கடை போடுவார்கள்?

2012-ல் "சர்பேஸ் ஆர்.டி." என்ற பலகையைச் செய்தார்கள். பார்த்தால் விண்டோஸ். ஆனால் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடாது! அடுத்த ஆண்டே 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்

பிறகு பின்லாந்து நாட்டின் நோக்கியாவிடமிருந்து அதன் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியது. 2013-ல் பேசிய தொகை 544 கோடி யூரோ.

நோக்கியாவின் ஒரு தொழிற்சாலை சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. வருமான வரித் தகராறினால் அது கைமாறவில்லை. சில மாதங்கள் ஒப்பந்தத்தின் பேரில் மைக்ரோசாப்டுக்குப் போன் செய்து கொடுத்தது. மைக்ரோசாப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2014 நவம்பர் 1-ந்தேதி உற்பத்தி நின்றது.

அந்த ஆண்டில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வேலையை விட்டு வெளியேறினார்கள். மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடனும் கல்யாணச் செலவும் பேசி வைத்திருந்த குடும்பங்கள் என்ன செய்யும்? 2015-ல் மைக்ரோசாப்ட் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. கம்பெனி அதைத் தாங்கிக்கொண்டது. அந்தக் குடும்பங்களுக்கு நஷ்டம் எழுத நோட்டு ஏது?

திண்ணைக் கடை

நல்ல வழி எது? 2014-ல் பொறுப்புக்கு வந்த ஐதராபாத்காரர் சத்ய நாதெள்ளா அதைப் பிடித்தார். வேர்டு, எக்செல் முதலிய மென்பொருள்களை ஆப்பிளின் ஐபேடிலேயே ஓடும்படி செய்தார். போட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் கடை! கௌரவம் பார்க்கவில்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

பலகையில், விசைகளை மாட்டிக்கொள்ளக்கூடிய "சர்பேஸ் புரோ" ஆபீஸ்காரர்களிடம் நிலைத்துவிட்டது. அது போதும்.

போன் தொழிலைக் கைவிட்ட விதம் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று நாதெள்ளாவே 2023-ல் சொன்னார். "மீண்டும் செய்" என்பவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் வருத்தப்பட்டால் செயலிகள் வந்துவிடுமா? 2020-ல் ஆண்ட்ராய்டை வைத்தே இரட்டைத் திரைப் போன் ஒன்றைச் செய்தார்கள். 2021-ல் இன்னொன்று. அதோடு சரி!

அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஊரில் இரண்டே வீட்டுக்காரர்கள் இருந்தால் வாடகையை அவர்களே வைப்பார்கள். ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடை வழியே நடக்கும் விற்பனையில் சிலவற்றுக்கு 30 சதவீதம் வரை எடுத்திருக்கின்றன. கடைசியில் அந்தக் காசு நம் பையிலிருந்துதான் போகிறது.

இதற்கு மருந்து மூன்றாவது போன் அல்ல, சட்டம். 2022-ல் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஐரோப்பாவில் 2024 முதல் ஆப்பிள் தன் போனில் பிறர் கடைகளையும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. மைக்ரோசாப்ட் போக வேண்டிய வாசல் அதுதான்.