பழைய கிண்ணங்களும் இன்றைய பயிற்றுவிப்பாளரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் உள்ள ஒரு கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளரை மாற்ற வேண்டும் என்று சென்ற கிழமை பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசப்பட்டது. கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்ன காரணம் ஒன்றுதான்: "எங்கட காலத்தில அலுமாரி கொள்ளாமக் கிண்ணம் வந்தது; இவர் வந்து மூண்டு வருசம், ஒண்டையும் காணேல்ல." அதற்குக் கை உயர்த்தாத சிலரில் நானும் ஒருவன்.

பெரியவர்கள் 'எங்கட காலம்' என்பது அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் இங்கிருந்த காலத்தை. 1948இல் லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார், எங்கள் ஊர் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவேயில்லை. அப்படிப்பட்டவரின் பெயரைத் தடியாக்கி இன்னொருவரை அடிப்பதுதான் மனதை வருத்துகிறது.

அந்தத் துறவிகளுக்கு மாலையில் வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. இன்றைய பயிற்றுவிப்பாளர் வேறு வேலை முடித்து நாலு மணிக்கு வருகிறார். ஒரு நாள் நான் போனபோது கையில் பந்து இல்லை, ஈர்க்குமாறுதான் இருந்தது. இரவில் வந்து படுத்துப் போன மான்களின் புழுக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் வளையம் துருவேறிப் பலகையில் சிவப்புக் கோடாய் வழிந்திருந்தது. ஐந்து மணியானதும் பாதிப் பிள்ளைகள் ரியூசனுக்குச் சைக்கிளை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவர்களைக் கொண்டு முழு ஆட்டம் ஆடவும் ஆள் காணாது.

பழைய புள்ளிப் புத்தகத்தைக் காட்டுபவர்கள் ஆட்டமே மாறிவிட்டதை மறக்கிறார்கள். தூரத்திலிருந்து போடும் பந்துக்கு மூன்று புள்ளி என்ற விதியைச் சர்வதேசச் சம்மேளனம் 1984இல்தான் கொண்டுவந்தது. 2000இல் பந்தை எறிய இருந்த 30 செக்கன் 24 ஆனது. இரண்டு இருபது நிமிடப் பாதிகள் நான்கு பத்து நிமிடங்களாயின. அன்றைய புள்ளியை இன்றைய புள்ளியோடு எந்தத் தராசில் நிறுப்பது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தில் ஜோன் வூடனை மிஞ்சியவர் இல்லை என்பார்கள். ஹேபர்ட் அடிகளார் இங்கு வந்த அதே 1948இல்தான் அவரும் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியைப் பொறுப்பேற்றார். முதல் தேசியக் கிண்ணம் 1964இல், பதினாறாவது பருவத்தில்தான் கிடைத்தது. பிறகு 1975 வரை பன்னிரண்டு பருவங்களில் பத்துக் கிண்ணங்கள். மூன்று வருடக் கணக்குப் பார்த்திருந்தால் அவரை என்றோ அனுப்பியிருப்பார்கள். அவருக்குப் பின் வந்த ஜீன் பார்டோ 61 ஆட்டங்களில் 52ஐ வென்றும், எதற்கெடுத்தாலும் வூடனோடு ஒப்பிட்ட பேச்சைத் தாங்காமல் இரண்டே பருவங்களில் விலகினார்.

பயிற்றுவிப்பாளரைக் கணக்குக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், ஆனால் முழுக் கணக்காகக் கேளுங்கள். அவர் பொறுப்பேற்ற அன்று எத்தனை பிள்ளைகள், இன்று எத்தனை? 15 வயதுப் பிரிவில் தொடங்கியவர்களில் எத்தனை பேர் 19 வயதுப் பிரிவுவரை நின்றார்கள்? கிழமைக்கு எத்தனை மணி நேரம் திடல் கிடைத்தது? சங்கம் எத்தனை பந்து வாங்கிக் கொடுத்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு நாள் நாலு மணிக்குத் திடலுக்கு வாருங்கள். வரும்போது புது வளையம் ஒன்றும் கொண்டுவாருங்கள். அதன் பிறகு கை உயர்த்துவதா இல்லையா என்று முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
உட்துறைமுக வீதி,
திருகோணமலை.