துருவுக்கு அடியில் ஒரு சிங்கம்

தண்டலம் பக்கத்துக்கு பிரெஞ்சு நிறுவனங்கள் புதிதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை 2000 முதல் ஓடுகிறது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கார் ஆலை 2010-ல் திறந்தது. இங்குள்ள டூல் ரூம்களில் ஸ்பேனரின் தண்டைப் புரட்டி அளவும் தயாரிப்பாளர் பெயரும் பார்ப்பது ஃபிட்டர்களின் அன்றாடப் பழக்கம். பழைய பிரெஞ்சுக் கருவி ஒன்று கிடைத்தால் அதை அடையாளம் காணும் வேலையில் பாதியை அந்தப் பழக்கமே முடித்துவிடும்.

கார் தயாரிக்கும் பியூஜோவையே எடுத்துக்கொள்ளலாம். 1810-ல் மாவு மில்லை எஃகு ஆலையாக மாற்றிய குடும்பம் அது. ரம்பத் தகடு அவர்களுடைய பெயர்பெற்ற சரக்கு. அதற்காகத்தான் ஜஸ்டின் பிளேசர் என்ற செதுக்குக் கலைஞர் 1847-ல் சிங்கத்தை வரைந்தார். 1858-ல் அது பதிவானது. பல்லின் உறுதி, தகட்டின் வளையும் தன்மை, அறுக்கும் வேகம் ஆகிய மூன்றுக்கும் சிங்கம் அடையாளம். முதல் பியூஜோ வண்டி வந்தது 1889-ல். அதற்குள் சிங்கம் தச்சுப் பட்டறைகளில் முப்பது வருடம் பழகியிருந்தது.

காலத்தைக் கணிக்க உதவுவது 'எஸ்.ஜி.டி.ஜி.' என்ற நான்கு எழுத்து. 1844-ம் ஆண்டு பிரெஞ்சுக் காப்புரிமைச் சட்டத்தில், கண்டுபிடிப்பு புதியதா, உருப்படியானதா என்று அரசு சோதிக்காது. விண்ணப்பித்தால் காப்புரிமை கிடைக்கும். அதனால் காப்புரிமை உண்டு என்று பொறிப்பவர், அரசு இதற்கு உத்தரவாதம் தரவில்லை என்பதையும் சேர்த்தே பொறிக்க வேண்டும்; அதன் பிரெஞ்சுச் சுருக்கம்தான் இந்த நான்கு எழுத்து. விட்டால் 50 முதல் 1,000 பிராங்க் வரை அபராதம். 1968 சட்டத்தோடு இந்த வாசகம் போயிற்று. ஆக, இந்த எழுத்துள்ள கருவி ஏறக்குறைய அந்த 124 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது.

அதில் 110 ஆண்டுகள், 1954 நவம்பர் 1 வரை, புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்குள்ள பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த குறடு கிடந்தால் புரட்டிப் பார்ப்பது வீணாகாது.

ஊர்ப் பெயரை மட்டும் வைத்து நாட்டைத் தீர்மானிக்கக் கூடாது. கோல்டன்பெர்க் என்ற பெரிய கருவி ஆலை அல்சாஸில், சாவெர்ன் நகருக்கு அருகே இருந்தது. 1871 முதல் 1918 வரை அந்த மண் ஜெர்மனியோடு இருந்தது. ஆலை நகரவில்லை, எல்லை நகர்ந்தது.

மர இழைப்புளியில் முத்திரையைத் தேட வேண்டிய இடம் முன்முகப்பு. அங்கே ஒரே எழுத்துகள் இரண்டு மூன்று முறை குத்தியிருந்தால் பெரும்பாலும் அது உரிமையாளரின் பெயர்; நம் வீடுகளில் குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டுவது போலத்தான்.

முத்திரையைப் படிக்க எமரி தாள் எடுக்கக் கூடாது. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, அழுக்கு ஊறியபின் துடைக்க வேண்டும். உலர்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, மேலே படிந்ததை விரலால் வழித்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், பாதி தேய்ந்த எழுத்தும் எழுந்து தெரியும்.

இன்று ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பொருளில் மேலே ஐ.எஸ். எண்ணும் கீழே சி.எம்./எல். உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிமம் உண்மையா என்று பார்த்துவிடலாம். பழைய கருவிக்கு அப்படிப்பட்ட செயலி கிடையாது. உலோகத்தில் மிஞ்சியிருப்பதுதான் சாட்சி. காயலான் கடையில் வாங்கிய கையோடு கிரைண்டரில் பளபளப்பாக்குகிறவர்கள், வீலைத் தொடுவதற்கு முன் முத்திரையைச் செல்போனில் ஒரு படமாவது எடுத்து வைக்க வேண்டும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் மைக்ரோமீட்டர் படிக்கக் கற்றுத்தரும்போது இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.