நிலையான காயின் யாருக்கு நிலையானது?



போன மாதம் கனகம்மாசத்திரம் கூட்டுரோடு டீக்கடையில் ஒரு தம்பி போனை நீட்டினான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். "அண்ணா, பேங்க் அக்கவுண்ட்ட முடக்கிட்டாங்க. ஸ்காலர்ஷிப் அதுலதான் வரணும்" என்றான்.

நடந்தது இதுதான். சேமித்த காசில் கொஞ்சம் டெதர் வாங்கி வைத்திருந்தான். ஃபீஸ் கட்டும் அவசரத்தில் செயலி வழியாக முகம் தெரியாத ஒருவருக்கு விற்றான். அவர் அனுப்பிய பணம் எங்கோ நடந்த சைபர் மோசடியில் வந்த பணம். வேறு மாநிலத்துப் போலீஸ் எழுதியது, வங்கி கணக்கை முடக்கியது. மோசடிக்காரன் வெளியே இருக்கிறான். மாட்டியது காலனிப் பையன்.

அவனைப் பேராசைக்காரன் என்று திட்டாதீர்கள். "பிட்காயின்தான் சூதாட்டம், இது எப்பவும் ஒரு டாலர்தானே அண்ணா" என்று நம்பியவன் அவன். அந்த நம்பிக்கையைத்தான் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டேபிள்காயின் என்பது ஒரு தனியார் நிறுவனத்தின் வாக்குறுதி. நம் டாலரை வாங்கிக்கொண்டு அதே மதிப்புக்கு டோக்கன் தருகிறது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடுகிறது. அதில் வரும் வட்டி நிறுவனத்துக்கு. வாக்குறுதி உடைவதும் உண்டு. 2022 மே மாதம் டெர்ராவின் ஸ்டேபிள்காயின் சில நாட்களில் சரிந்து அழிந்தது. அதற்குச் சரியான கையிருப்பே இல்லை. 2023 மார்ச்சில் கையிருப்பு வைத்திருந்த யுஎஸ்டிசி-யே ஆடியது. அதன் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் இருந்தது. வங்கி விழுந்ததும் காயின் 90 சென்ட்டுக்குக் கீழே இறங்கியது. அந்த வங்கியின் வைப்புகளுக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பிறகே மீண்டது. "வங்கியே வேண்டாம்" என்று சொன்ன காயினைக் கடைசியில் காப்பாற்றியது அரசும் வங்கியும்தான்.

பாடம் கற்ற நாடுகள் சட்டம் போட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மைகா விதிகள் 2024 ஜூனில் ஸ்டேபிள்காயினுக்கு நடைமுறைக்கு வந்தன. அமெரிக்கா 2025 ஜூலையில் ஜீனியஸ் சட்டம் போட்டது. முழுக் கையிருப்பு வேண்டும், மாதாமாதம் கணக்கு வெளியிட வேண்டும், வெளியிடும் நிறுவனம் வட்டி தரக்கூடாது என்கிறது அது. வட்டித் தடை வங்கிகளுக்கு முக்கியம். வட்டியும் கிடைத்தால் மக்கள் வைப்பை எடுத்துக்கொண்டு காயினுக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் பயம்.

இங்கே? 2018-ல் வங்கிகள் கிரிப்டோவைத் தொடக்கூடாது என்றது ரிசர்வ் வங்கி. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் லாபத்துக்கு 30 சதவீத வரியும், விற்றால் 1 சதவீதப் பிடித்தமும் வந்தன. நட்டத்தைக் கழிக்க முடியாது. 2023-ல் கிரிப்டோ வணிகம் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. 2025 அக்டோபரில் கிரிப்டோவும் சொத்துதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம். சொத்து என்றாகிவிட்டது, வரி வாங்கியாகிவிட்டது. ஆனால் வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு போல எதுவும் இதற்கு இல்லை. கையிருப்பைச் சோதிக்கும் சட்டமும் இல்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். வங்கியில் போடும் பணம் இங்கேயே கடனாகச் சுற்றுகிறது. வங்கிகள் தம் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைக்கும், அதற்குள் 12 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கும் தர வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அந்தப் பிரிவில் வருகிறார்கள். ஒவ்வொரு கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்காவது கடன் தர வேண்டும் என்றுதான் 2016 முதல் 2025 வரை ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டம் இருந்தது. வங்கிகள் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, ஜாமீன் கேட்டு நம்மை அலையவிடுகிறார்கள். ஆனாலும் விதி இருக்கிறது, அதைக் காட்டிச் சண்டை போடலாம், மேனேஜர் முன்னால் தர்ணா உட்காரலாம். காயின் கம்பெனிக்கு அப்படி ஒரு கடமையே கிடையாது. காலனிச் சேமிப்பு வாஷிங்டன் கடன் பத்திரமாக மாறினால், காலனியில் ஆட்டோ வாங்கவும் தறி போடவும் கடன் எங்கிருந்து வரும்?

வளைகுடாவிலிருந்து குறைந்த செலவில் பணம் அனுப்ப ஸ்டேபிள்காயின் உதவலாம் என்பதை மறுக்கவில்லை. அதற்காகத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன், தடை வேண்டும் என்று சொல்லவில்லை.

பணம் பற்றிப் பேசுவது நம் வேலையில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பாபாசாகேப் 1923-ல் எழுதிய 'ரூபாயின் பிரச்சினை' பணத்தைப் பற்றிய நூல்தான். வெளிநாட்டு நாணயத்தோடு ரூபாயின் மாற்று விகிதம் நிலையாக இருந்தால் போதும் என்று பொருளாதார மேதைகள் வாதாடிய காலம். உள்ளூரில் ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருக்கிறதா என்று கேட்டவர் அவர். பணத்தை வெளியிடுபவர் கைக்குக் கடிவாளம் வேண்டும் என்றார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது, அந்த இழப்பு உழைப்பவன் தலையில் விழும் என்றார். நூறாண்டு கழித்தும் கேள்வி அதேதான்: டாலரோடு நிலையாக இருப்பது சரி, கூலிக்காரன் வாழ்க்கையோடு நிலையாக இருக்கிறதா?

எனவே நாம் கேட்க வேண்டியவை: இங்கே விற்கும் ஒவ்வொரு ஸ்டேபிள்காயினுக்கும் சோதிக்கப்பட்ட கையிருப்பு. கேட்டவுடன் பணம் திரும்பக் கிடைக்கும் உரிமை. ஆபத்தைத் தமிழில் சொல்லும் கட்டாயம். மோசடிப் புகாரில் சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து, உதவித்தொகையைத் தடுக்காத விதி.

சட்டம் வரும்வரை தம்பி தங்கைகளே, ஸ்காலர்ஷிப் வரும் கணக்கைக் கிரிப்டோ பக்கம் கொண்டுபோகாதீர்கள். கணக்கை யாருக்கும் வாடகைக்கும் விடாதீர்கள். ஏமாந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அந்தத் தம்பிக்காக மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கணக்கு திறந்ததும் எழுதுகிறேன்.

கற்பி, ஒன்றுசேர், போராடு. ஜெய்பீம்!